ஆன்ரோடு விலைக்குள் என்னவெல்லாம் இருக்கிறது: ஸ்கூட்டர் வாங்கப் போய் நான் பட்ட பாடு

ஸ்கூட்டர் வாங்குவதற்கு முன்னால் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டேன். எந்த வண்டி நல்லது, எவ்வளவு மைலேஜ் கொடுக்கும், எந்தக் கலரில் சேறு தெரியாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கடையில் கொடுக்கும் எஸ்டிமேட்டை எப்படிப் படிப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் பணமும், பள்ளியில் போட்ட அரைநாள் லீவுகளும், நிறைய எரிச்சலும் செலவாயின. அடுத்து வாங்கப் போகிறவர்களுக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். டவுனில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். மாமனாருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. ஆக, வண்டி வாங்குவது என்றால் நான்தான் போக வேண்டும், நான்தான் பேச வேண்டும். சாயங்கால பஸ்ஸை விட்டுவிட்டால் ஷேர் ஆட்டோவுக்கு நிற்க வேண்டும். ஐப்பசி மழை வேறு வரப் போகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும், இதுதான் சமயம் என்று முடிவு செய்தேன். சீட்டு எடுத்த பணம் 70,000 கையில் இருந்தது. மீதிக்கு நகையை வைத்தேன்.

கம்பெனியின் வெப்சைட்டில் பார்த்ததில், நான் நினைத்திருந்த 125 சிசி ஸ்கூட்டரின் எக்ஸ் ஷோரூம் விலை, அதாவது ரோடு டாக்ஸும் இன்சூரன்ஸும் சேராத விலை, 92,000 ரூபாய்க்குப் பக்கம். வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலை ஒரு லட்சத்து ஐந்தாயிரம், மிஞ்சினால் பத்தாயிரம் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் எங்கள் ஊர்க் கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் டை கட்டிய ஒரு பையன் ஓடி வந்தான். நாற்காலி போட்டான், ஃபேனைத் திருப்பி வைத்தான். அப்புறம் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "சார் வரலையா மேடம்?" என்றான். எந்த சார் என்று கேட்டேன். "இல்ல, வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் வருவாங்கள்ல, அதான்." இந்தக் கேள்வியில்தான் பேரம் தொடங்குகிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கூட யாரும் இல்லை என்று தெரிந்ததும் பேச்சு வண்டியின் கலருக்கும், சீட்டுக்கு அடியில் எவ்வளவு பொருள் வைக்கலாம் என்பதற்கும் போய்விட்டது. விலையைப் பற்றிக் கடைசியில்தான் வாயைத் திறந்தான். ரோஸ் கலர் பேடில் கடகடவென்று எழுதிக் கிழித்துக் கொடுத்தான். அடியில் 1,25,200 என்று வட்டம் போட்டிருந்தது.

அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். எக்ஸ் ஷோரூம் 92,000. டாக்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன் 13,800. இன்சூரன்ஸ் 8,600. ஹேண்ட்லிங் 2,500. அக்சசரீஸ் 4,900. எக்ஸ்டெண்டட் வாரண்டி 1,500. டெஃப்லான் கோட்டிங் (பெயிண்ட் மேல் பூசும் பூச்சு) 1,200. நம்பர் பிளேட் 700. வண்டியின் விலைக்கு மேல் 33,200 ரூபாய். குறைத்துக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, "ஜிஎஸ்டியே குறைஞ்சிடுச்சு மேடம், இதுக்கு மேல டிஸ்கவுண்ட் கிடையாது. வேணும்னா ஓனர்ட்ட கேட்டு ஒரு ஆயிரம் குறைச்சுத் தர்றேன்" என்றான். உள்ளே போய் வந்து, ஆயிரம் குறைத்துவிட்டதாகச் சொன்னான். எனக்கும் சந்தோஷம். ஜிஎஸ்டியைக் குறைத்தது அரசாங்கம். அதற்கும் கடை கொடுக்கும் தள்ளுபடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் மண்டையில் ஏறியது. ஆனால் அதற்குள் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது.

அந்த அட்வான்ஸ் தனிக் கதை. தீபாவளிக்கு முன்னால் டெலிவரி வேண்டுமென்றால் இப்போதே புக் பண்ணணும், நீங்கள் கேட்கும் கலரில் ஒரே வண்டிதான் வருது என்றான். ஐயாயிரம் ஜிபே பண்ணச் சொல்லி ஒரு நம்பரைக் கொடுத்தான். அனுப்பும்போது திரையில் வந்தது கடைப் பெயர் இல்லை, அவன் பெயர். கேட்டதற்கு, "கடை க்யூஆர் வேலை செய்யல மேடம், நான் கட்டிடுறேன்" என்றான். ரசீது கேட்டேன். "பில்லிங் பண்றவங்க லீவு, வாட்ஸ்அப்ல அனுப்புறேன்." வாட்ஸ்அப்பில் வந்தது "ஓகே மேம்" என்ற ஒரு வரி. இதிலிருந்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டிக்கான பணம் ஒரு ரூபாயானாலும் கடையின் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும், கையோடு ரசீது வாங்க வேண்டும். ரசீதில் மாடல், கலர், ஒத்துக்கொண்ட மொத்த விலை, கேன்சல் செய்தால் அட்வான்ஸ் திரும்புமா என்ற நான்கும் இருக்க வேண்டும். இல்லை என்றால் அன்றைக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒரே வண்டிதான் இருக்கிறது என்பது எல்லாக் கடையிலும் சொல்வதுதான்.

ரெடி கேஷில் எடுக்கிறேன் என்று சொன்னதும் அவன் முகம் வாடியதையும் சொல்ல வேண்டும். "கேஷ் கஸ்டமருக்கு வண்டி லேட்டாகும் மேடம். ஃபைனான்ஸ்ல போட்டா நாளைக்கே எடுத்துக்கலாம், பத்து பர்சன்ட்தான்" என்றான். லோன் போட்டுக் கொடுத்தால் கடைக்கும் அவனுக்கும் ஃபைனான்ஸ் கம்பெனி கமிஷன் கொடுக்கும், அதுதான் விஷயம். அந்தப் பத்து சதவீதம் ஃப்ளாட் வட்டி, அதாவது கடைசிவரை முழு அசலுக்கும் போடும் வட்டி. 80,000 ரூபாயை இரண்டு வருஷத்துக்கு வாங்கினால் வட்டி 16,000, மாதத் தவணை 4,000. ஆனால் மாதாமாதம் அசலும் குறைந்துகொண்டே வருகிறதே, அதையும் கணக்கில் எடுத்தால் உண்மையான வட்டி 18 சதவீதத்துக்குச் சற்று மேல். இதில் ப்ராசசிங், டாக்குமெண்ட் சார்ஜ் என்று வேறு பிடிப்பார்கள். நகைக் கடன் அதைவிட எனக்குக் குறைவாகவே வந்தது. லோன்தான் எடுக்க வேண்டும் என்றால் எடுங்கள், தப்பில்லை. ஆனால் ஃப்ளாட்டா, குறையும் அசலுக்கு வட்டியா என்று கேட்டுவிட்டு எடுங்கள். லோன் எடுப்பதால் கடைக்கு வருமானம் உண்டு என்பதால், அதைக் காட்டி விலையிலும் குறைக்கச் சொல்லலாம்.

தீபாவளி வந்தது, போனது. வண்டி வரவில்லை. போன் செய்தால் முதலில் "ஆன் த வே மேடம்", அப்புறம் "கலர் மாறி வந்துடுச்சு மேடம்", அப்புறம் ரிங் போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாள் மதியம் பெர்மிஷன் போட்டுவிட்டு நேரே கடைக்குப் போனேன். அந்தப் பையன் வேலையை விட்டு நின்றுவிட்டானாம். ஓனர் கல்லாவில் இருந்தார். ஐயாயிரம் கொடுத்ததைச் சொன்னேன். "யார்ட்டம்மா குடுத்தீங்க? நம்ம அக்கவுண்ட்ல வரலையே" என்று லெட்ஜரைத் திருப்பிக் காட்டினார். வண்டி இருக்கிறது, ஆனால் இப்போது எடுத்தால் 1,25,200, அந்த ஆயிரம் குறைத்ததெல்லாம் அவருக்குத் தெரியாது என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுதால் இன்னும் இளக்காரமாகப் போய்விடும் என்று எழுந்து வெளியே வந்து, கரும்புச்சாறு கடையில் நின்றேன். பண நஷ்டத்தைவிட, கூட ஒரு ஆண்பிள்ளை நின்றிருந்தால் இவர்கள் இப்படிப் பேசியிருப்பார்களா என்ற நினைப்புதான் அதிகம் சுட்டது. அன்று இரவு வீட்டுக்காரர் வீடியோ காலில், "எதுக்கு தலைவலி, கேக்குறதக் குடுத்துட்டு எடுத்துட்டு வா" என்றார். அவர் அங்கே ஓவர்டைம் பார்த்துச் சம்பாதிப்பதை இங்கே ஹேண்ட்லிங் சார்ஜ் என்று கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே அதே கம்பெனிக்கு மெயின் டீலர் இருக்கிறார். பொதுவாக நம் ஊர்ப் பக்கம் சின்ன டவுன்களில் இருப்பவை சப் டீலர் கடைகள். அவர்கள் வண்டியை மெயின் டீலரிடமிருந்துதான் எடுக்கிறார்கள். இன்வாய்ஸும் பெரும்பாலும் மெயின் டீலர் பெயரில்தான் வரும். ஒரு வண்டிக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கிடைக்கும் கமிஷன் குறைவு. அதனால்தான் எஸ்டிமேட்டில் எக்ஸ் ஷோரூம் விலையோடு நாலு ஐட்டம் சேர்த்து அதில் சம்பாதிக்கப் பார்க்கிறார்கள். இது தெரிந்த பிறகு எனக்குக் கடைக்காரர் மேல் இருந்த கோபம் பாதி குறைந்தது. பேரம் பேச வேண்டிய இடம் எது என்றும் பிடிபட்டது. எக்ஸ் ஷோரூம் விலையில் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினால் ஐந்நூறு, ஆயிரத்துக்கு மேல் நகராது. அதற்குக் கீழே எழுதியிருக்கும் ஐட்டங்களில்தான் பணம் இருக்கிறது. மொத்தத்தை வைத்துப் பேசினால் அவர்கள் ஒரு ஐட்டத்தில் குறைத்து இன்னொன்றில் ஏற்றிவிடுவார்கள்.

தஞ்சாவூரில் பிரிண்ட் போட்ட கொட்டேஷன் கொடுத்தார்கள். 1,16,100. ஹேண்ட்லிங் இல்லை, நம்பர் பிளேட்டுக்குத் தனிக் காசு இல்லை, கோட்டிங் இல்லை. இன்சூரன்ஸ் 7,200, அக்சசரீஸ் 3,400, வாரண்டி அதே 1,500, டாக்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன் 12,000. ஒரே வண்டி, ஒரு மணி நேரப் பஸ் தூரம், 9,100 ரூபாய் வித்தியாசம். அங்கேயே எடுத்திருக்கலாம். ஆனால் சர்வீஸுக்கு ஒவ்வொரு தடவையும் தஞ்சாவூருக்கு வர முடியாது. ஊர்க் கடையில் எடுத்தால் நடு வழியில் நின்றாலும் ஒரு ஆளை அனுப்புவார்கள். அதனால் கொட்டேஷனை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினேன். கொட்டேஷன் வாங்குவதற்குக் காசு கிடையாது, யாரும் தப்பாக நினைப்பதும் இல்லை. கடைப் பெயர், தேதியோடு பிரிண்டில் கேளுங்கள். கையால் எழுதிய சீட்டை இன்னொரு கடைக்காரர் நம்பமாட்டார்.

இரண்டு மூன்று ராத்திரி உட்கார்ந்து எஸ்டிமேட்டின் ஒவ்வொரு ஐட்டமாகப் பார்த்தேன். முதலில் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் வரையுள்ள புது இருசக்கர வண்டிக்கு ஆயுள் வரி 10 சதவீதம், ஒரு லட்சத்தைத் தாண்டினால் 12. அதற்கு முன்னால் எல்லாவற்றுக்கும் 8 ஆக இருந்தது. என் வண்டிக்கு 9,200 சுமாருக்கு வரும். பதிவுக் கட்டணம் 300, ஸ்மார்ட் கார்டுக்கு 200, சாலைப் பாதுகாப்பு வரி என்று ஒரு சிறு தொகை. லோன் என்றால் ஆர்சியில் அதைக் குறிக்க இன்னொரு 500. எல்லாம் சேர்ந்தாலும் எனக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். கடை கேட்டது 13,800. நடுவில் இருக்கும் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு "ஆர்டிஓ செலவு" என்று பெயர். அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்லமாட்டார்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். அதிகம் ஏமாறுவது இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருஷத்துக்குத் தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான இன்சூரன்ஸ், எடுத்தே ஆக வேண்டும். அந்தத் தொகையை அரசு நிர்ணயிக்கிறது. 75 முதல் 150 சிசி வரை 3,851 ரூபாய், ஜிஎஸ்டி தனி. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இது மாறாது. மாறுவது நம் வண்டியின் சேதத்துக்கான பகுதி. அதை ஒரு வருஷத்துக்கு எடுத்தால் போதும், அதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி தள்ளுபடி வித்தியாசப்படும். ஓட்டுபவருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடும் உண்டு. அது உங்களுக்கு ஏற்கெனவே வேறு பாலிசியில் இருந்தால் இரண்டாம் தடவை எடுக்கத் தேவையில்லை. போனிலேயே பார்த்தேன், ஜீரோ டெப்ரிசியேஷனும் (க்ளெய்மில் உதிரிபாகத்துக்குத் தேய்மானம் கழிக்காத வசதி) சேர்த்து 5,900 சொச்சம் வந்தது. கடை கேட்டது 8,600. டீலரிடம்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி அது. வெளியே எடுத்தால் கேஷ்லெஸ், அதாவது ரிப்பேர் செலவை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கடைக்குக் கட்டுவது, கிடைக்காது என்று பயமுறுத்துவார்கள். அது அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சர்வீஸ் சென்டருக்கும் டை அப் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நடைமுறையில் வெளியே எடுப்பதற்கு ஒரு சிக்கல் உண்டு. சேஸிஸ் நம்பரும் இஞ்சின் நம்பரும் வேண்டும், முழுப் பணம் கட்டும்வரை கடையில் அதைத் தரமாட்டார்கள். அதனால் நான் அந்த 5,900 ஸ்கிரீன்ஷாட்டைப் பேரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். ஸ்கூட்டரில் பாதி பிளாஸ்டிக், லேசாகச் சாய்ந்தாலே பேனல் உடையும். ஜீரோ டெப் போடுவது நல்லதுதான். ஆனால் அதன் பெயரைச் சொல்லி இரண்டாயிரம் கூட்டுவதை ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மற்ற ஐட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹேண்ட்லிங் என்பது அரசாங்கக் கட்டணமே இல்லை. நம்பர் பிளேட் 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பில் வண்டியோடு வர வேண்டியது. டெஃப்லான் கோட்டிங் நம் ஊர்ச் சேற்றில் எத்தனை மாதம் நிற்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அக்சசரீஸில் கார்டு (வண்டியைச் சுற்றிப் பொருத்தும் பாதுகாப்புக் கம்பி) 1,900, ஹெல்மெட் 1,150, பாடி கவர் 900, சீட் கவர் 600, மேட் 350. இதில் ஹெல்மெட்டைக் கவனியுங்கள். இருசக்கர வண்டி விற்கும்போது ஐஎஸ்ஐ தரத்தில் ஒரு ஹெல்மெட் கொடுக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138-லேயே இருக்கிறது. சீட் கவர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் பாதி விலை.

மாதக் கடைசியில், வார நாளில், மதியம் மூன்று மணிக்குப் போனேன். விசேஷம் முடிந்து கூட்டம் இல்லை. மாத டார்கெட் முடிக்கும் அவசரம் கடைக்கு இருக்கும். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் முன்னால் போனால் உங்கள் பின்னால் நாலு பேர் நிற்பார்கள், யாரும் இறங்கி வரமாட்டார்கள். இந்தத் தடவை யாரிடமும் எஸ்டிமேட் கேட்கவில்லை, நேரே ஓனர் முன்னால் உட்கார்ந்தேன். நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் கடை விலை, தஞ்சாவூர் விலை, நான் கொடுக்க நினைக்கும் விலை. மூன்றாவது பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"இந்த ஹேண்ட்லிங் 2,500-க்குப் பில் வருமா சார்?" என்று கேட்டேன். "அது பில்லுல வராதும்மா" என்றார். "பில்லுல வராதத நான் எதுக்கு சார் குடுக்கணும்?" அவர் சிரித்தார். "எல்லாரும் குடுக்குறாங்கம்மா. தஞ்சாவூர்லேர்ந்து ஏத்தி எறக்குறோம், வண்டிய ரெடி பண்றோம், எங்களுக்கும் செலவு இருக்குல்ல." அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை. சும்மா இருப்பதுதான் ரொம்பக் கஷ்டம். ஏதாவது பேசி நாமே இறங்கிப் போய்விடத் தோன்றும். அவர் டீ டம்ளரை நகர்த்தி வைத்தார், கால்குலேட்டரை எடுத்தார், வெளியே ஒரு பையனிடம் ஏதோ கத்தினார். நான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி, அத எடுத்துடுறேன்" என்றார். அதே கேள்வியைத்தான் நம்பர் பிளேட்டுக்கும் கோட்டிங்குக்கும் கேட்டேன். இதுக்குப் பில் உண்டா? இரண்டும் போயின. நான் தெரிந்துகொண்டதில் பெரிய ஆயுதம் இந்தக் கேள்விதான். கத்த வேண்டியதில்லை, சட்டம் பேச வேண்டியதில்லை.

இன்சூரன்ஸுக்கு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு 7,000 என்றார், அப்புறம் 6,400-க்கு வந்தார். வெளியே எடுப்பதைவிட ஐந்நூறு அதிகம்தான், ஆனால் க்ளெய்ம் வந்தால் அவரே பார்த்துக்கொள்வார் என்பதால் சரி என்றேன். ஹெல்மெட் விதியைச் சொன்னதும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "ஸ்கூல்ல டீச்சரா?" என்றார். ஆபீஸ் என்றேன். ஹெல்மெட்டை இலவசமாகக் கொடுத்தார். கார்டை 1,450-க்கும் மேட்டை 350-க்கும் வாங்கிக்கொண்டேன், பாடி கவரும் சீட் கவரும் வேண்டாம் என்றுவிட்டேன். வாரண்டி 1,500 அப்படியே வைத்துக்கொண்டேன். பல கம்பெனிகளில் அதை வண்டி வாங்கிய பிறகும் குறிப்பிட்ட காலத்துக்குள் எடுக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் கடைக்காரருக்கு ஒன்றுமே நிற்காது. நாளைக்கு பிரேக் சத்தம் போடுகிறது என்று போய் நிற்கப் போவது அதே கடையில்தான். எதில் அவர் சம்பாதிக்க வேண்டும் என்பதை நான் தேர்ந்தெடுத்தேன், அவ்வளவுதான். கார்டும் வாரண்டியும் எனக்குப் பயன்படும், ஹேண்ட்லிங் பயன்படாது.

ரெஜிஸ்ட்ரேஷனில்தான் முட்டிக்கொண்டது. அரசாங்கக் கட்டணத்தை எழுதிக் காட்டினேன். மறுக்கவில்லை. "அங்க ஆகுற செலவு உங்களுக்குத் தெரியாதும்மா, எனக்குத் தெரியும்" என்றார். 12,300-க்கு வந்தார், அதற்குக் கீழே ஒரு ரூபாய் இறங்கவில்லை. ஆக மொத்தம் 1,14,000. முதல் சீட்டைவிட 11,200 குறைவு. அட்வான்ஸ் ஐயாயிரத்துக்கு ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் அந்த "ஓகே மேம்" மெசேஜையும் காட்டினேன். உங்கள் கடைக்குள் உங்கள் ஆள் வாங்கியது என்றேன். அவருக்கும் சங்கடம்தான். மூவாயிரம் கழித்துக்கொள்கிறேன், மீதியை அவனிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அந்த 2,000 வரவே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யலாம் என்று தெரியும். இவ்வளவு பேசி முடித்த பிறகு அதே கடையோடு மறுபடி மல்லுக்கு நிற்கத் தெம்பில்லை. உங்களுக்குத் தெம்பிருந்தால் செய்யுங்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் மெசேஜும் இருந்தால் புகாருக்கு உதவும்.

பேசி முடித்ததையெல்லாம் ஒரு தாளில் வரி வரியாக எழுதி, கடை சீல் போட்டு வாங்கிய பிறகுதான் மீதிப் பணத்தைப் பேங்க் மூலம் அனுப்பினேன். டெலிவரி எடுக்கும்போது மாலை போட்டு, சாவி கொடுத்து, போட்டோ எடுக்கும் மும்முரத்தில் எதையும் பார்க்கவிடமாட்டார்கள். போட்டோவுக்கு முன்னால் பார்த்துவிடுங்கள். ஃபார்ம் 21 என்கிற விற்பனைச் சான்றிதழில் வண்டி தயாரான மாதமும் வருஷமும் இருக்கும். ரொம்ப நாள் நின்ற வண்டி என்றால் பேட்டரி சோர்ந்திருக்கும், அதைச் சொல்லியும் விலை குறைக்கலாம். சேஸிஸ் நம்பரை வண்டியிலும் பேப்பரிலும் ஒத்துப் பாருங்கள். இரண்டு சாவி, டூல் கிட், பேட்டரி வாரண்டி கார்டு, இன்சூரன்ஸ் பாலிசியில் நீங்கள் ஒத்துக்கொண்ட ஜீரோ டெப் இருக்கிறதா, இதெல்லாம் கையில் வாங்கிய பிறகு சிரித்துக்கொள்ளலாம். டெம்பரரி நம்பராவது இல்லாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். விதிப்படி கடைக்காரர் அப்படிக் கொடுக்கவும் கூடாது. "நம்பர் அப்புறம் வரும், ஊருக்குள்ளதான ஓட்டப் போறீங்க" என்பார்கள். அந்த நேரத்தில் யார் மேலாவது மோதினால் நம் பாடுதான் திண்டாட்டம்.

பதிவு முடிந்ததும் வரி கட்டிய ரசீதைக் கேட்டேன். இழுத்தடித்து, கடைசியில் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். நான் கணக்குப் போட்ட மாதிரி பத்தாயிரத்துச் சொச்சம்தான் இருந்தது. மீதி இரண்டாயிரம் எங்கே போனது என்பதற்கு எந்த ரசீதும் இல்லை. அட்வான்ஸில் போன இரண்டாயிரத்தையும் சேர்த்தால் நாலாயிரம், நகைக் கடனை அவசரப்பட்டு வைத்ததில் சும்மா ஓடிய வட்டி தனி. வண்டி கைக்கு வருவது உறுதியாகும்வரை நகையை வைக்காதீர்கள்.

முதல் சர்வீஸ் ஃப்ரீ என்று கூப்பிட்டார்கள். கூலிதான் ஃப்ரீ, ஆயிலுக்கும் மற்றவற்றுக்கும் காசு. பில்லில் "கன்ஸ்யூமபிள்ஸ்" என்று 120 ரூபாய் போட்டிருந்தது. அது என்ன என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஓனர் அங்கிருந்தே, "அந்த அம்மாவுக்கு அத எடுத்துடும்மா" என்றார்.